தோட்டத்துப் பக்கம் காலநிலைக் கருத்துக் கணிப்பு எடுக்கப் போகிறீர்களா? கேள்வித்தாளை அச்சடிக்கும்முன் இதைப் படியுங்கள்

பல்கலைக்கழகக் கடைசியாண்டு ஆய்வேடு, எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு) பாடநெறிப் பணி, இளைஞர் மன்றத்துச் சின்ன ஆய்வு என்று வருடா வருடம் யாராவது ஒரு கட்டுத் தாளோடு எங்கள் ஊருக்கு வருகிறார்கள். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலம், பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா, பேச்சில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை. சுற்றிலும் செம்பனை. "காலநிலை மாற்றத்தைப் பற்றித் தோட்டத்து மக்கள் என்ன நினைக்கிறார்கள்?" என்பதுதான் இப்போதெல்லாம் தலைப்பு. இணையத்தில் ஓர் ஆங்கிலக் கேள்வித்தாளை எடுக்கிறார்கள், இயந்திர மொழிபெயர்ப்பில் போடுகிறார்கள், பிரதி அடிக்கிறார்கள், ஏறக்குறைய எல்லாரும் "ஆமாம்" என்றார்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்த "ஆமாம்" பாதிக்குமேல் கேள்வியே போட்டுக்கொண்ட தாளம்.

இந்த வேலையில் நானும் மாதக்கணக்கில் அல்லாடியிருக்கிறேன். கடிதத்துக்கு அலைந்ததைவிடக் கேள்வியை எழுதத்தான் அதிகம் கஷ்டப்பட்டேன். அதனால் கீழே கேள்வி எழுதும் பகுதி நீளமாகவும் மற்றவை சுருக்கமாகவும் இருக்கும்.

1. கடிதங்களை முதல் வாரமே அனுப்பிவிடுங்கள்

கேள்வித்தாள் முடியட்டும், பிறகு அனுமதி கேட்கலாம் என்று இருக்காதீர்கள். அனுமதி வரும்வரை காத்திருக்கும் நாட்களில்தான் கேள்வியைச் செதுக்க வேண்டும்.

பல்கலைக்கழக மாணவர் என்றால் துறையின் அறிமுகக் கடிதமும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். குழு கூடும் தேதியை முதலில் விசாரியுங்கள். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்த கூட்டம்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். தோட்டக் குடியிருப்புக்குள் நுழைய நிர்வாகிக்குத் தனிக் கடிதம் எழுதுங்கள். பெரிய நிறுவனத்தின் தோட்டமாக இருந்தால் நிர்வாகி தானே முடிவு செய்யமாட்டார், தலைமையகத்துக்கு அனுப்புவார். இரண்டு மாதம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். கடிதத்தோடு கேள்வித்தாளின் மாதிரியையும் இணைத்தால், "என்ன கேட்கப் போகிறார்களோ, சம்பளத்தைப் பற்றிக் கிளறப் போகிறார்களோ" என்ற பயம் ஆபீசில் குறையும். கிராணியாரிடம் (தோட்ட ஆபீஸ் எழுத்தர்) ஒரு பிரதி கொடுத்துவைப்பது நல்லது, வாசலில் காவலாளி நிறுத்தும்போது உதவும்.

தமிழ்ப்பள்ளி மாணவர்களிடம் கேட்பதானால் தலைமையாசிரியர் தலையாட்டினால் மட்டும் போதாது. கல்வி அமைச்சின் ஈராஸ் (eRAS) என்ற ஆய்வு அனுமதி இணைய முறையில் விண்ணப்பிக்க வேண்டும், பெற்றோர் சம்மதமும் வேண்டும். நேரம் குறைவு என்றால் பள்ளிப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெரியவர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பதில் சொல்பவரின் பெயர், அடையாளக் கார்டு எண், வீட்டு எண் எதையும் வாங்காதீர்கள். தேவையே இல்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, அரசியல் கருத்தையும் சமய நம்பிக்கையையும் உடல்நலத் தகவலையும் உணர்திறன் மிக்க தரவு என்று தனியாகவே குறிப்பிடுகிறது. அந்தச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கானது என்றாலும் உங்கள் நெறிமுறைக் குழு அதே ஒழுங்கைத்தான் எதிர்பார்க்கும்.

2. எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கப் போகிறீர்கள்?

சொல் மாறினால் எண் மாறும் என்பதை நம்பாத மேற்பார்வையாளர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்த ஆய்வைக் காட்டுங்கள். 2011இல் ஷுல்ட், கொன்ராத், ஷ்வார்ஸ் மூவரும் அமெரிக்காவில் ஒரே கேள்வியைப் பாதிப் பேரிடம் "புவி வெப்பமடைதல்" என்றும், மறுபாதியிடம் "காலநிலை மாற்றம்" என்றும் கேட்டார்கள். இது உண்மையில் நடக்கிறதா என்பதுதான் கேள்வி. குடியரசுக் கட்சிக்காரர்களில் முதல் பெயரைக் கேட்டவர்களில் 44 விழுக்காட்டினர் நடக்கிறது என்றார்கள். இரண்டாவது பெயரைக் கேட்டவர்களில் அது 60 விழுக்காடு. ஜனநாயகக் கட்சிக்காரர்களிடம் அசைவே இல்லை, இரண்டிலும் 86, 87 விழுக்காடு.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, ஒரு பெயர் எல்லாரையும் ஒரே மாதிரி பாதிக்காது என்பது. அமெரிக்காவில் கட்சி பிரித்தது போல நம் தோட்டத்தில் கட்சி பிரிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இங்கே பிரிப்பது வயதும் படித்த மொழியும். தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய தாத்தாவுக்கும், ஐந்தாம் படிவம்வரை மலாயில் புவியியல் படித்த பேத்திக்கும் ஒரே சொல் ஒரே பொருளைத் தராது. எந்தப் பெயரை எடுத்தாலும் முன்னால் ஒரு வரி விளக்கம் வையுங்கள். "பல பத்தாண்டுகளாக உலகம் முழுதும் சூடு கூடிவருவதையும், அதனால் மழையும் வெயிலும் மாறுவதையும் காலநிலை மாற்றம் என்கிறார்கள்" என்கிற அளவு போதும். "ஆபத்தான", "பேரழிவு", "பேராசையால்" போன்றவை அந்த வரிக்குள் நுழையக்கூடாது.

3. "ஏற்கிறேன், ஏற்கவில்லை" வேண்டவே வேண்டாம்

ஐந்து கட்டம் போட்டு, "முற்றிலும் ஏற்கிறேன்" முதல் "முற்றிலும் மறுக்கிறேன்" வரை அடுக்குவது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. தோட்டத்தில் அதைத் தூக்கிப்போடுங்கள். வீடு தேடி வந்த படித்த பிள்ளையிடம் "மறுக்கிறேன்" என்று சொல்ல நம் பெரியவர்களுக்கு மனம் வராது. மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். உலகம் முழுக்க இருக்கும் பழக்கம்தான், நம்மிடம் கொஞ்சம் கூடுதல்.

ஒரு மாணவர் குழுவோடு லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகள்) துணைக்குப் போயிருந்தேன். அவர்கள் தாளில் நான்காவது வாக்கியம், "இந்த ஊரில் மழை முன்னைவிடக் கூடிவிட்டது." திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி, "ஆமாம்மா" என்றார். பதினோராவது வாக்கியம், "இந்த ஊரில் மழை முன்னைவிடக் குறைந்துவிட்டது." கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆமாம்மா."

"பாட்டி, அப்பக் கூடிருச்சுன்னு சொன்னீங்களே?"

"ரெண்டும் நெசந்தான். பேஞ்சா ஒரேயடியா கொட்டுது, காஞ்சா ஒரேயடியா காயுது. நீ தனித்தனியா கேட்டியா, நான் தனித்தனியா சொன்னேன். எதுல கோடு போடணும்னு நீயே பாத்துப் போட்டுக்க ஆயி."

அந்தத் தாளைக் குழுவினர் "முரண்பட்ட விடை" என்று ஒதுக்கிவைத்தார்கள். எனக்கு அன்றைக்குக் கிடைத்த பதில்களிலேயே அதுதான் உருப்படியானது.

வாக்கியத்தைக் கொடுத்துச் சம்மதம் கேட்பதற்குப் பதில், எல்லாப் பக்கத்தையும் கேள்விக்குள்ளேயே வைத்துவிடுங்கள். "கடந்த 10 ஆண்டில் இங்கே ஒரு வருடத்துக்குப் பெய்யும் மழை கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா, அப்படியேதான் இருக்கிறதா?" அடுத்து, "மழை பெய்யும் விதம் மாறியிருக்கிறதா, மாறவில்லையா? மாறியிருந்தால் எப்படி?" இரண்டாவதற்குக் கீழே இரண்டு கோடு இடம் விடுங்கள்.

கொள்கை பற்றிய கேள்விக்கும் இதே வழிதான். ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 2024இல் 77 நாடுகளில் 73,000க்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த மக்கள் காலநிலை வாக்கெடுப்பில், நாட்டின் கடப்பாட்டை வலுப்படுத்த வேண்டுமா, தளர்த்த வேண்டுமா என்று இரண்டு பக்கத்தையும் சேர்த்தே கேட்டார்கள். ஐந்தில் நான்கு பேர் வலுப்படுத்தச் சொன்னார்கள். "வலுப்படுத்த வேண்டும் என்பதை ஏற்கிறீர்களா?" என்று கேட்டிருந்தால் அந்த எண்ணை நான் இவ்வளவு மதிக்கமாட்டேன்.

4. ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்வி, சங்கடப்படுத்தும் கேள்வி

"காடு அழிப்பையும் திறந்தவெளி எரிப்பையும் தடைசெய்ய வேண்டுமா?" காட்டுக்குச் சரி, எரிப்புக்கு வேண்டாம் என்பவர் எங்கே கோடு போடுவார்? பிரித்துக் கேளுங்கள். "மற்றும்", "-உம்" வரும் ஒவ்வொரு கேள்வியையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

"நீங்கள் குப்பையை எரிக்கிறீர்களா?" என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்பார்கள், வீட்டுக்குப் பின்னால் புகை எழுந்துகொண்டிருக்கும்போதே. குற்றம் சாட்டும் தொனியை எடுத்துவிட்டு, "குப்பை லாரி வராத வாரத்தில் இந்தப் பக்கத்தில் குப்பையை என்ன செய்வது வழக்கம்?" என்று கேளுங்கள்.

5. விடைப் பட்டியல்தான் பாதி முடிவு

2008 அமெரிக்கத் தேர்தலுக்குப் பிறகு பியூ ஆய்வு மையம், வாக்களிக்கும்போது எந்தப் பிரச்சினை முக்கியமாகப் பட்டது என்று கேட்டது. பட்டியல் கொடுத்துக் கேட்டபோது 58 விழுக்காட்டினர் பொருளாதாரம் என்றார்கள். பட்டியல் இல்லாமல் கேட்டபோது 35 விழுக்காடுதான். கண்ணில் பட்டதைத் தேர்ந்தெடுப்பது மனித சுபாவம். உங்கள் பட்டியலில் காலநிலை இருந்தால் தேர்வாகும், இல்லாவிட்டால் யாரும் சொல்லமாட்டார்கள்.

காலநிலையிலேயே இதைவிடப் பெரிய வித்தியாசம் உண்டு. ஸ்டான்ஃபோர்டின் ஜான் குரோஸ்னிக் குழு 2009இல் இன்றைய நாட்டின் மிக முக்கியப் பிரச்சினை எது என்று கேட்டபோது, சுற்றுச்சூழல் அல்லது புவி வெப்பமடைதல் என்றவர்கள் 1 விழுக்காடு. ஒன்றுமே செய்யாமல் விட்டால் எதிர்காலத்தில் உலகத்தை எதிர்நோக்கும் மிகக் கடுமையான பிரச்சினை எது என்று கேட்டபோது 25 விழுக்காடு. இரண்டும் நியாயமான கேள்விகள். ஒன்று இன்றைய சம்பளத்தையும் அரிசி விலையையும் நினைக்க வைக்கிறது, மற்றது பேரப்பிள்ளையை. உங்கள் ஆய்வுக்கு எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள், பிறகு மாற்றாதீர்கள்.

காரணம் கேட்கும் கேள்வியில் "மனிதச் செயலால்", "இயற்கையாக" என்ற இரண்டோடு "இரண்டாலும்" என்று ஒன்று சேர்த்தால் கூட்டம் அங்கே ஓடும். சேர்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. ஆனால் அது இருக்கும் ஆய்வையும் இல்லாத ஆய்வையும் ஒப்பிட்டு "மலேசியர்களுக்கு விழிப்புணர்வு குறைவு" என்று எழுதிவிடாதீர்கள். "தெரியவில்லை" என்ற கட்டம் மட்டும் கண்டிப்பாக வேண்டும். அதைச் சொல்வது அவமானமில்லை என்று வாயாலும் சொல்லுங்கள்.

இன்னொன்று: தாளைத் தாமே படிப்பவர் முதலில் இருக்கும் விடைக்குச் சாய்வார், நீங்கள் வாசித்துக் காட்டினால் கடைசியாகக் காதில் விழுந்ததற்குச் சாய்வார். பாதித் தாள்களில் விடைகளைத் தலைகீழாக அச்சிட்டால் போதும். கூடுதல் செலவு ஒன்றும் ஆகாது.

6. காசு வரும் இடம்

நம் நாட்டில் 2026இல் இரும்பு, எஃகு, எரிசக்தித் துறைகளுக்குக் கரிம வரி (வெளியேற்றும் கரிமத்துக்கு விதிக்கும் வரி) கொண்டுவரப்படும் என்று 2025 பட்ஜெட்டில் சொன்னார்கள். அதனால் எல்லாக் கேள்வித்தாளிலும் இப்போது கரிம வரி இருக்கிறது. "வரி" என்ற சொல்லே தனி வேலை செய்யும். ஹார்டிஸ்டி, ஜான்சன், வெபர் 2010இல் அமெரிக்காவில் ஒரே விலையேற்றத்தைச் சிலரிடம் கரிம வரி என்றும், வேறு சிலரிடம் கரிம ஈடு (வெளியேற்றிய கரிமத்தை ஈடுகட்டும் தொகை) என்றும் பெயரிட்டுக் காட்டினார்கள். வரி என்றதும் குடியரசுக் கட்சிக்காரர்களின் ஆதரவு சரிந்தது. ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்குப் பெயர் பொருட்டாகவே இல்லை.

நான் சொல்வது, பெயரோடு நிறுத்தாமல் யார் கட்டுவார், எதன் விலை ஏறலாம் என்பதையும் ஒரு வரியில் சொல்லிக் கேளுங்கள். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35 வெள்ளிக்கு ஏறியதை லாரி வைத்திருப்பவர் யாரும் மறக்கவில்லை. விலையைச் சொல்லாமல் "பசுமைக் கொள்கையை ஆதரிக்கிறீர்களா?" என்று கேட்டு வாங்கும் ஆதரவு, விலையைச் சொன்னதும் நிற்குமா என்று உங்களுக்குத் தெரியாது. விலையை மட்டும் சொல்லிப் பலனைச் சொல்லாமல் கேட்பதும் அதே அளவு கோணல்.

7. எதற்குப் பிறகு எதைக் கேட்பது

பொதுவான கேள்வி முதலில், சொந்த அனுபவம் பிறகு. 2021 டிசம்பர் வெள்ளத்தில் என்ன இழந்தீர்கள் என்று கேட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே "காலநிலை மாற்றம் உங்களைக் கவலைப்படுத்துகிறதா?" என்றால் மெத்தை மிதந்த வீட்டுக்காரர் வேறு என்ன சொல்வார்? வருமானம், படிப்பு, வயது எல்லாம் கடைசிப் பக்கத்தில். சம்பளத்தில் தொடங்கினால் கதவு பாதி சாத்திவிடும்.

8. மொழியும் ஒத்திகையும்

தமிழிலும் மலாயிலும் தாள் வேண்டும், இளையவர்கள் பலர் மலாயில்தான் வேகமாகப் படிக்கிறார்கள். ஒருவர் தமிழாக்கினால், ஆங்கில மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திருப்பி ஆங்கிலமாக்கட்டும். எங்கே பொருள் நழுவியது என்று தெரிந்துவிடும். விடைகளை எண்ணும்போது மொழிவாரியாகவும் பிரித்துப் பாருங்கள். இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களை விட்டுவிட்டால், விட்டுவிட்டதாக எழுதுங்கள். இன்றைக்குத் தோட்டத்தில் வேலை செய்பவர்களில் அவர்கள் நிறையப் பேர்.

ஒத்திகைக்கு ஏழெட்டுப் பேர் போதும், உங்கள் குடும்பத்தார் மட்டும் வேண்டாம். கேள்வியைப் படித்துவிட்டு, "இதை உங்க வார்த்தையில சொல்லுங்கண்ணே, என்ன கேக்குறாங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்வதும் நீங்கள் நினைத்ததும் ஒன்றாக இருக்கும்வரை அச்சுக்குப் போகாதீர்கள்.

9. எப்போது போவது, பக்கத்தில் யார்

காலைப் பெரட்டு (வேலைக்குப் பெயர் கூப்பிடும்) நேரத்தில் போகவே போகாதீர்கள். மாலை ஐந்துக்குமேல் அல்லது ஞாயிறு காலை. கோயில் திருவிழா வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். உச்சிவெயிலில் அலைவது உங்களுக்கு மட்டும் கெடுதல் இல்லை, விடைக்கும் கெடுதல். லி, ஜான்சன், ஸாவல் 2011இல் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பார்த்ததில், அன்றைய நாள் வழக்கத்தைவிடச் சூடு என்று நினைத்தவர்கள் புவி வெப்பமடைதலை அதிகம் நம்பினார்கள், அதிகம் கவலைப்பட்டார்கள். புகைமூட்டம் சூழ்ந்த வாரத்திலும், வெள்ளம் வடிந்த மறுவாரத்திலும் எடுத்த கணிப்பை அப்படியே "மக்கள் கருத்து" என்று தூக்கிவைக்க முடியாது. ஒவ்வொரு தாளின் மூலையிலும் தேதி, நேரம், அன்றைய வானிலையை எழுதிவையுங்கள்.

மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) துணைக்கு வருகிறேன் என்று அன்போடு சொல்வார். நன்றி சொல்லி, வீடுகளைக் காட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள். அவர் பக்கத்தில் நிற்கும்போது மருந்தடிப்பதைப் பற்றியும் எரிப்பதைப் பற்றியும் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

10. எத்தனை தாள், எவ்வளவு செலவு

குலுக்கல் முறையில் 100 பேரைத் தேர்ந்தால் எந்த விழுக்காடும் ஏறக்குறைய 10 புள்ளி மேலேயோ கீழேயோ இருக்கலாம். 400 பேர் என்றால் 5 புள்ளி. கண்ணில் பட்டவரிடம் கேட்டால் இந்தக் கணக்கே செல்லாது, அதனால் வீட்டு வரிசையில் ஐந்துக்கு ஒன்று என்று எடுங்கள். கேள்வியின் சொல் என்ன செய்கிறது என்று சோதிக்க ஆசை இருந்தால், 200 தாளில் 100இல் ஒரு வடிவம், 100இல் இன்னொரு வடிவம் அச்சிட்டு மாற்றி மாற்றி அடுக்கிக் கொடுங்கள். இரண்டுக்கும் நடுவே சுமார் 14 புள்ளிக்குக் குறைவாக வித்தியாசம் வந்தால் அது தற்செயலாகவே இருக்கலாம், அதை வைத்துப் பெரிதாக முடிவு கட்டாதீர்கள்.

போட்டோஸ்டாட் ஒரு பக்கம் 10 காசு என்று வைத்தால், இரண்டு பக்கத் தாள் 200க்கு 40 வெள்ளி, சம்மதப் படிவத்துக்கு 20 வெள்ளி. ஒத்திகைக்குப் பிறகுதான் மொத்தமாக அடிக்க வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கே போதும். பெட்ரோலும் பேனாவும் தனி. அன்பளிப்பு கொடுப்பதானால் எல்லாருக்கும் ஒரே மாதிரி, பதில் முடிந்த பிறகு. முன்னால் கொடுத்தால் "ஆமாம்" இன்னும் பெருகும்.

11. அறிக்கை எழுதும்போது

ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் கேட்ட கேள்வியை அச்சிட்டபடியே, எந்த மொழியில் கேட்டீர்களோ அந்த மொழியில் போடுங்கள். "70 விழுக்காட்டினர் கவலைப்படுகிறார்கள்" என்று மொட்டையாக எழுதினால், கவலையா, மிகுந்த கவலையா, எத்தனை கட்டங்களில் எதைச் சேர்த்தீர்கள் என்பது யாருக்கும் தெரியாது. "தெரியவில்லை" என்றவர்களைக் கழித்துவிட்டு விழுக்காடு போடும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. கழித்தால் எத்தனை பேர் என்று சொல்லிவிட்டுக் கழியுங்கள்.

முடிவை ஒரே பக்கத் தமிழில் சுருக்கி, தோட்ட ஆபீஸ், கோயில் அறிவிப்புப் பலகை, பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் மூன்றுக்கும் கொடுங்கள். ஒரு மாதத்துக்குள் கொடுத்தால் அடுத்து வரும் மாணவருக்குக் கதவு திறக்கும். நிரப்பிய தாள்களை உங்கள் நெறிமுறைக் குழு சொல்லும் காலம்வரை பூட்டிவைத்து, பிறகு கிழித்துப் போடுங்கள். எரிக்க வேண்டாம், அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.